கிளட்ச்சுக்கு வெச்ச செந்தூரம்

பாத்து உக்காருங்க. அந்தப் பைமேல கால் பட்டுறப் போகுது. உள்ள இருக்கறது இரும்புங்க, பஸ்ஸு குலுங்கி உங்க கால்மேல சாஞ்சா நெகம் பேந்துரும். இருங்க, என்ற பக்கமா இழுத்து வெச்சுக்கறேன். ஆங், இப்ப உக்காருங்க.

கேட்டீங்களா அந்தச் சத்தத்தை? நர்ருன்னு ஒண்ணு வந்துச்சே, அதைத்தான் சொல்றேன். கிளட்ச்சை முழுசா மிதிக்காம கியரு போடறான். கவர்மெண்டு வண்டிதான, இவனுக்கென்ன. காக்கிச் சட்டை மாட்டுனவனெல்லாம் டிரைவரு. நான் லைசென்சு எடுக்கப் போனப்ப இப்படி ஒரு சத்தம் வந்திருந்தா, பக்கத்துல உக்காந்திருந்த இன்ஸ்பெக்டரு அங்கயே எறக்கி உட்டுட்டுப் போயிருப்பாரு. இப்ப யாருக்குங்க தொழில் தெரியுது? ஒருத்தனுக்கும் தெரியலை.

எங்க போறீங்கன்னு கேட்டீங்களா? கேக்கலையா? பரவால்லைங்க, சொல்றேன். தாராபுரத்துக்கு முன்னால பைபாஸ் பிரிவு இருக்குதில்ல, அங்க எறங்கோணும். என்ற பேரனுக்கு இன்னிக்குக் காதுகுத்து. மக வயித்துப் பேரன். இளங்கதிருன்னு பேரு வெச்சிருக்காங்க. சாமி பேரா அது? கேட்டா, தமிழ்ப் பேருங்கறாங்க. முருகன்னா தமிழ் இல்லையாக்கும்.

தாய்மாமன் மடியில உக்காத்தி வெச்சுத்தான் காது குத்தோணும். அந்தத் தாய்மாமன் என்ற மவன் சசிதரன். திருப்பூர்ல பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. சொந்தமா காரு வெச்சிருக்கான். சீர்த்தட்டு, துணிமணி எல்லாத்தையும் நேத்தே கார்ல ஏத்திக்கிட்டு, அவங்கம்மாளையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். என்னையும் கூப்பிட்டான். வர மாட்டேன்னுட்டேன். அவனும் மச்சானுக்குப் பரிஞ்சு பேசற ஆளாயிட்டான். அவனோட கார்ல ஏறி, வழி நெடுக அவன் சொல்ற புத்திமதியை நான் கேக்கோணுமா? பஸ்ஸே மேலு.

என்ற சொந்த வண்டியில போயிருக்கோணுமுங்க நான். பிக்கப்பு வெச்சிருக்கேன். பழைய வண்டிதான், ஆனா ராசியான வண்டி. தேங்கா லோடு. எங்கூருத் தோப்புல ஏத்துனா காங்கேயத்துல தேங்காயை ஒடைச்சுக் காய வெக்கற உலர்களம் வரைக்கும் ஒரே ஓட்டம். அதுல சீரை ஏத்தி, முன்னாடி வாழை கட்டி, ஆரனடிச்சுக்கிட்டு மக ஊட்டு வாசல்ல போயி நிக்கோணும்னு ஆசை. அந்த ஆசையில மண்ணை அள்ளிப் போட்டது யாருன்னு நெனைக்கறீங்க? மாப்பிள்ளை. வேற யாருமில்லீங்க, மாப்பிள்ளையேதான்.

மாப்பிள்ளை மெக்கானிக்குங்க. நவநீதன்னு பேரு. பைபாஸ் ஓரமா ஒரு தகரக் கொட்டாய், அதுக்கு ஒர்க்ஷாப்புன்னு ஒரு போர்டு. பொண்ணு குடுக்கும்போது, சொந்தத் தொழில், தங்கமான பையன்னு தரகன் சொன்னான். தங்கமான பையன்தான், நான் இல்லைங்கலை. எதுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பேச என்ன இருக்குது, தொழில் தெரிஞ்சாத்தான பேச வரும்.

விசயம் என்னன்னா, ஆடி மாசத்துல வண்டி மேடு ஏற மாட்டேங்க ஆரம்பிச்சுது. மிதிச்சா என்ஜின் கத்துது, வண்டி நகர மாட்டேங்குது. லோடு ஏத்துனா ஒரு கருகல் வாசம். மாப்பிள்ளைகிட்ட உட்டேன். ஓட்டிப் பாத்தாரு, எனக்கும் ஓட்டிக் காட்டச் சொன்னாரு. ஓட்டுனேன். வந்து எறங்குனதும் மொதல் வார்த்தையா என்ன சொல்றாருங்கறீங்க? "மாமா, கிளட்ச்சுமேல வெச்ச காலை எடுத்துக் கீழ வெச்சுப் பழகுங்க, அதான் தேஞ்சிருக்குது"ங்கறாரு.

எப்புடி இருக்குது பாருங்க. நான் வண்டியோட்ட ஆரம்பிச்ச நாள்ல இருந்து எடது காலைக் கிளட்ச்சுமேலதான் வெச்சிருக்கேன். எந்த நேரத்துல மாடு குறுக்க வருமோ, எவன் ஸ்கூட்டர்ல உளுந்தடிச்சு வருவானோ. கால் தயாரா இருக்கோணுமில்ல? செருப்பைக்கூடக் கழட்டி வெச்சுட்டு, வெறுங்காலைத்தான் வெப்பேன். தொழில் மேல அத்தனை மரியாதை எனக்கு. அதைப் போயி இவரு தப்புங்கறாரு. பொண்ணைக் குடுத்த எடம், வாயை மூடிக்கிட்டேன்.

கழட்டிப் பாத்துட்டு, கிளட்ச்சுப் பிளேட்டு ஆணி வரைக்கும் தேஞ்சு, அந்த ஆணி பிளைவீலையும் அறுத்திருச்சுன்னாரு. பிளைவீலுன்னா தெரியுமில்லைங்க? என்ஜினோட பின்னாடி மொகத்துல உருளையா ஒரு பெரிய இரும்பு, அதுமேலதான் இந்தக் கிளட்ச்சுப் பிளேட்டு ஒட்டி ஓடோணும். இரும்பு தேயுமான்னு கேட்டேன். கையைப் புடிச்சு அதுமேல வெச்சுத் தடவிக் காட்டுனாரு. வட்டவட்டமா பள்ளம் இருந்துச்சு, இல்லைங்கலை. அதுக்கென்ன, எங்கூட்டு ஆட்டுக்கல்லுலயும்தான் பள்ளம் இருக்குது, மாவு ஆட்டலையா? பிளேட்டை மட்டும் மாத்துங்கன்னேன். மாத்துனா வண்டி ஒதறும் மாமா, ரெண்டையும் மாத்தித்தான் ஆகோணும், சாமானோட வெலையை நான் பாத்துக்கறேன்னாரு. மக வேற உள்ள இருந்து ஒரு பார்வை பாத்தா. சரின்னுட்டேன்.

புதுச் சாமான் வந்துச்சுங்க. பிளைவீலை அட்டைப் பெட்டியில இருந்து எடுத்துச் சாக்குமேல வெச்சாரு. மொகம் பாத்துத் தலை சீவிக்கலாம், அப்புடி இருந்துச்சு. புதுச் சாமான் ஊட்டுக்கு வந்தா நாம என்ன செய்வோம்? சைக்கிள் வாங்குனாலும் மிக்சி வாங்குனாலும் ஒரு பொட்டு வெப்பமா மாட்டமா? எங்கூரு ஆஞ்சநேயரு கோயில் செந்தூரம் எப்பவும் என்கிட்ட இருக்கும். மத்த எடத்துல தர்ற மாதிரி வெறும் பொடி இல்லைங்க. நெய்யிலயே கொழைச்சு, சாமி மேனியில சாத்தி, அதை வழிச்சுத் தர்றது. மாசத்துல மூல நட்சத்திரத்தன்னிக்கு மட்டுந்தான் பூசாரி குடுப்பாரு. மத்த நாள்ல யாரு போயி நின்னாலும் கெடைக்காது. அதை எடுத்துப் பிளைவீலுக்கு மூணு பொட்டு வெச்சேன். பாக்கவே லட்சணமா இருந்துச்சு.

டீ வாங்கப் போன மனுசன் வந்தாரு. பாத்தாரு. பெட்ரோல்ல துணியை நனைச்சு, அத்தனையும் தொடைச்சுப் போட்டுட்டாருங்க. என்ற கண்ணு முன்னாடி, சாமி செந்தூரத்தைப் பெட்ரோலு போட்டுத் தொடைக்கறாரு. என்ன மாப்பிள்ளை இதுன்னேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாமா. இந்த மொகத்துல எண்ணெய்ப் பசை ஒரு துளி பட்டாலும் கிளட்ச்சு புடிக்காது. பொட்டு வெக்கோணும்னா பானட்டுக்கு வெச்சுக்கலாம்."

எண்ணெயாமுங்க. கோயில் நெய்யி இவருக்கு எண்ணெய். கொட்டாய்ல ஒரு புள்ளையாரு படம் இருக்குது, தெனமும் பூப் போடறாரு, கும்புட்டுட்டுத்தான் ஸ்பேனரையே தொடுவாரு. எல்லாம் வர்றவங்க பாக்கறதுக்குன்னு அன்னிக்குத்தான் எனக்கு வெளங்குச்சு.

நான் உடுவனா? அன்னிக்கு அவருக்கு வேலையாளு லீவு. பிளைவீலை மாட்டி முடிச்சுட்டு, வண்டிக்கடியில மல்லாக்கப் படுத்துக்கிட்டு, அதை எடுத்துக் குடுங்க இதை எடுத்துக் குடுங்கன்னு என்னையத்தான் ஏவறாரு. மாமனாருங்கற மரியாதையைப் பாருங்க. கிளட்ச்சுப் பிளேட்டைக் கேட்டாரு. கையில எடுத்தேன். பொட்டா வெச்சா மறுபடியும் தொடைச்சுருவாரு. அதனால வெரல்ல நெறைய எடுத்து, பிளேட்டு மொகத்துல ரெண்டு பக்கமும், சுத்திலும், நல்லா அழுத்தித் தேச்சு உட்டுட்டேன். உள்ள எறங்கிருச்சு. கண்ணுக்கே தெரியலை. அடியில இருட்டு வேற. வாங்கி மாட்டிட்டாரு. அவருக்குத் தெரியாட்டிப் போகுது, சாமிக்குத் தெரியுமில்ல.

அப்படி சாமி தொணை இருந்த வண்டியையே இந்த மனுசன் கெடுத்துட்டாருன்னா, அவரு வேலை எந்த லட்சணத்துல இருந்திருக்கோணும்? நீங்களே சொல்லுங்க.

மொத லோடுங்க. தேங்கா ஏத்திக்கிட்டு வர்றேன். ஓடை தாண்டுனதும் ஒரு மேடு. பாதி மேட்டுல வண்டி ஒதறுது பாருங்க, பல்லெல்லாம் கிட்டிப் போச்சு. அப்புறம் புடிக்கவே இல்லை. என்ஜின் மட்டும் அலறுது, அடியில இருந்து பொகை. பின்னாடியே உருண்டு வந்து ஓரங்கட்டி நிறுத்தறதுக்குள்ள உசுரு போயி உசுரு வந்துச்சு. எங்கூருக்காரன் ஒருத்தன் டிராக்டர்ல வந்தான். என்னண்ணா, மாப்பிள்ளை கைவேலையான்னு கேட்டுச் சிரிச்சுட்டுப் போறான். அத்தனை அவமானம் என்ற வாழ்க்கையில பட்டதில்லை. நடுரோட்டுல நின்னுக்கிட்டுப் போனைப் போட்டு, வாயில வந்ததையெல்லாம் கேட்டுட்டேன். மாப்பிள்ளைன்னும் பாக்கலை.

அவரே வந்து வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டுப் போயி, கழட்டுனாரு. நான் பக்கத்துலயே நின்னேன். பிளேட்டைக் கையில வாங்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தாரு. மூக்குக்கிட்டக் கொண்டு போயி மோந்து பாத்தாரு. அப்புறம் என்னை நிமிந்து பாத்தாரு. நான் அசையலை. என்னத்துக்கு அசையோணும்?

"தப்பு என்னோடதுதானுங்க மாமா. நான் கவனமா இருந்திருக்கோணும்" அப்படின்னாரு.

அவ்வளவுதான். அவரு வாயாலயே வந்துருச்சு. நான் சொல்லலைங்க, அவரே சொன்னது. ஒரு ஆம்பளைக்கு இது போதுமா? ஏன் எதுக்குன்னு ஒரு காரணம் சொல்லோணுமில்ல? எதுத்துப் பேசத் துப்பில்லாம, தப்பு என்னோடதுன்னு ஒரே அமுக்கு. எனக்குக் கோவத்தைவிட எளக்காரமாத்தான் போச்சு.

அன்னைக்கே அந்தப் பிளேட்டைக் கேட்டு வாங்கிக்கிட்டேன். சாட்சி வேணுமில்ல. உலர்களத்துல காட்டுனேன், பங்காளி ஊடுகள்ல காட்டுனேன், டீக்கடையில காட்டுனேன். பாத்தவன் எவனும் கூர்ந்து பாக்கலைங்க, எல்லாரும் தூரத்துல இருந்தே த்சொ த்சொன்னாங்க. எங்க சொந்தத்துல லாரி, வேனு வெச்சிருக்கறவங்க அத்தனை பேரும் மாப்பிள்ளைகிட்டத்தான் உட்டுக்கிட்டிருந்தாங்க. இப்ப ஒருத்தரும் போறதில்லை. மாமனாரே சொல்றாரு, அப்புறம் என்னன்னு வேற பக்கம் போயிட்டாங்க. நான் போக வேண்டாம்னு யாருகிட்டயும் சொல்லலை. நடந்ததைத்தான் சொன்னேன்.

அதுக்கு என்ற மக கோகிலவாணி போனைப் போட்டு அழுவறா. "அப்பா, கொட்டாயில வண்டி வந்து எத்தனை நாளாச்சு தெரியுமா? எங்க சோத்துல நீங்களே மண்ணைப் போடறீங்க. அவரு வாயைத் தொறக்காம இருக்கறதே உங்களுக்காகத்தான்"ங்கறா. எனக்காகவாமா. தப்பு செஞ்சவன் வாயைத் தொறக்க மாட்டான், அதுல எனக்கென்ன வந்துச்சு? அதைச் சொன்னதும் அவ அழுகையை நிறுத்திட்டா. நிறுத்திட்டு, நெம்ப நிதானமாச் சொன்னா. "காதுகுத்துக்கு வாங்கப்பா. சாப்புடுங்க, பேரனைக் கொஞ்சுங்க. ஒரம்பரை சொந்தபந்தம் முன்னாடி அவரை ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா, அதுதான் நீங்க எங்கூட்டுக்கு வர்ற கடைசி."

சின்ன வயசுல காய்ச்சல்னா என்ற தோளைவிட்டு எறங்க மாட்டாளுங்க அவ. தூக்கிக்கிட்டே திரிவேன். அந்தப் புள்ளை சொல்லுது, கடைசின்னு. ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கலை. அதைச் சொல்லி என்ன ஆகப் போகுது, உடுங்க. புருசன் சொல்லிக் குடுத்துப் பேசறா.

இப்ப வண்டிக்கு மறுபடியும் புதுப் பிளேட்டு போட்டு, பிளைவீலைக் கழுவித் தொடைச்சு, மாட்டி முடிச்சாச்சாம். எப்பச் சொன்னாங்கங்கறீங்க? எல்லாம் மூடுனதுக்கப்புறம். தொறந்து வெச்சிருக்கும்போது கூப்பிடவே இல்லை. மாமா வர வேண்டாம், வேலை முடிஞ்சதும் நானே கொண்டாந்து உடறேன்னு மாப்பிள்ளை சொன்னாராம். எதையோ மறைக்கறாருங்க. இல்லைன்னா என்னை ஏன் ஒதுக்கி வெக்கோணும்?

நான் முடிவு பண்ணிட்டேன். மக சொல்லட்டும், மவன் சொல்லட்டும். காது குத்தி முடிச்சு, பந்தி முடிஞ்சதும், ஒரம்பரை அத்தனை பேரையும் கொட்டாய்க்குக் கூட்டிக்கிட்டுப் போகப் போறேன். இந்தப் பிளேட்டை நடுவுல வெச்சு, கழட்டுங்க மாப்பிள்ளைம்பேன். எல்லாரும் பாக்கக் கழட்டோணும். புதுப் பிளேட்டை வெளிய எடுக்கோணும். இந்தத் தடவை யாருக்கும் ஒளிச்சு மறைச்சு இல்லை, நானே எல்லாரு முன்னாடியும் செந்தூரத்தைச் சாத்தி, என்ற கையாலயே மாட்டக் குடுக்கப் போறேன். அப்புறம் மக என்னை ஊட்டுக்குள்ள உடறாளோ இல்லையோ, பாத்துக்கலாம்.

இருங்க, உங்களுக்கே அந்தப் பிளேட்டைக் காட்டறேன். இந்தச் சம்படத்தைக் கொஞ்சம் புடிங்க. கவுத்துறாதீங்க, செந்தூரம். போன தடவை கொஞ்சமா வெச்சதுலதான் பலமில்லைன்னு, முந்தாநேத்து மூலத்துக்குப் போயி சம்படம் நெறையா வாங்கியாந்தேன். பூசாரிகூடக் கேட்டாரு, இத்தனையும் எதுக்குன்னு. வண்டிக்குன்னேன்.

இந்தாங்க, பாருங்க. எப்புடிக் கருகியிருக்குது பாருங்க. என்ன, அந்தச் செவப்பா? ஆணியைச் சுத்தி இருக்கறதா? துருவா இருக்கும். தொட்டுப் பாக்கறீங்களா? ஆமாங்க, வழுக்கும். மோந்து வேற பாக்கறீங்க, மாப்பிள்ளை மாதிரியே. நெய் வாசமா? பின்ன, செந்தூரமும் பிளேட்டும் ஒரே பையில வருதில்ல, வாசம் ஒட்டத்தான் செய்யும்.

என்ன சொல்றீங்க? நீங்களுமா? எண்ணெய் இல்லைங்க அது, நெய். பிரசாதம். பிரசாதத்தால ஒரு வண்டி கெட்டுச்சுன்னு இந்த ஒலகத்துல யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? படிச்ச ஆளு மாதிரி இருக்கீங்க, பேசறதைப் பாத்தா அப்படித் தெரியலையே. உடுங்க, உங்களுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும். குடுங்க பிளேட்டை, பையில வெக்கறேன்.

அட, பிரிவு வந்துருச்சு. கண்டக்டரு, எறங்கோணும், நிறுத்துங்க. பேச்சு சுவாரசியத்துல பாக்கலை. வழி உடுங்கம்மா.

அதா நிக்கறாரு பாருங்க, வெள்ளைச் சட்டை. அவருதான் மாப்பிள்ளை. தோள்ல உக்காந்திருக்கறது பேரன். மொட்டையடிச்சு, சந்தனம் பூசி... என்ற தங்கம். பஸ்ஸைப் பாத்துக் கையாட்டறான் பாருங்க. ஊட்டுல அத்தனை சனம் இருக்குதில்ல, என்னைக் கூட்டிட்டுப் போக வேற ஆள் கெடைக்காமயா இவரே வந்து வெயில்ல நிக்கறாரு? காக்கா புடிக்கத்தான். வர்றாரு, பையை வாங்கறதுக்குக் கையை நீட்டறாரு. புடிங்க மாப்பிள்ளை. கனமா? கனமாத்தான் இருக்கும். என்னன்னு ஊட்டுல போயிச் சொல்றேன். பாத்துட்டாருங்க உள்ள. பாத்துட்டுச் சிரிக்கறாரு. குத்தம் செஞ்சவரு சிரிக்கற சிரிப்பைப் பாருங்க.

அட, சம்படம். ஏனுங்க, அந்தச் சம்படத்தை ஜன்னல் வழியாக் குடுங்க. உங்க கையிலதான குடுத்தேன். இல்லையா? என்னங்க இல்லைங்கறீங்க, இப்பத்தான உங்க மடியில இருந்துச்சு. சீட்டுக்கடியில பாருங்க. உருண்டிருக்கும். அங்கயும் இல்லையா? உங்க பையில பாருங்க. ஏனுங்க பையை அப்படி அணைச்சுப் புடிச்சுக்கறீங்க? ஏனுங்க... கண்டக்டரு, விசிலடிக்காதீங்க, இருங்க. ஏனுங்க, மாப்பிள்ளையைப் பாத்து எதுக்குத் தலையாட்டறீங்க? அவரும் ஆட்டறாரு. உங்களுக்கு அவரைத் தெரியுமா?

நல்ல மனுசன்னு நம்பி வழி நெடுகப் பேசிட்டு வந்தேன், கடைசியில நீங்களும் இப்படித்தானா. போங்க, நல்லா இருங்க. அந்தச் செந்தூரம் இல்லாம வண்டியைக் கழட்டி நான் என்ன பண்றது? மூலம் இனி அடுத்த மாசந்தான். அதுவரைக்கும் செந்தூரம் இல்லாத வண்டி எத்தனை தூரம் ஓடுதுன்னு நானும் பாக்கத்தான போறேன்.